பிளாஸ்டிக் ரசாயனமும் நம் பற்களும்

ஆறு வயதுக் குழந்தை ஒன்றை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பால் பற்களின் வரிசை முடியும் இடத்துக்கு அப்பால், ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு புதிய கடைவாய்ப்பல் தலைகாட்டிக் கொண்டிருக்கும். வேறு எந்தப் பல்லும் விழாமலே இது முளைப்பதால், பெற்றோரில் பலர் இதையும் ஒரு பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் இது முதல் நிலைப்பல். எழுபது, எண்பது வயது வரையில் முறுக்கும் கரும்பும் கடிக்க வேண்டிய பல்.

சில குழந்தைகளுக்கு இந்தப் பல் முளைக்கும்போதே பழுதாக வருகிறது. எனாமல் வழுவழுப்பாகவும் பளபளப்பாகவும் இருப்பதற்குப் பதிலாக, சுண்ணாம்புக் கட்டி போன்ற வெண்மையாகவோ மஞ்சள் அல்லது பழுப்பு நிறத் திட்டுகளோடோ இருக்கும். கடிக்கக் கடிக்க விளிம்புகள் பொடிந்து உதிரும். குளிர்ந்த நீர் பட்டால் குழந்தை துடித்துப் போகும். பல் தேய்க்கவே பயப்படும். தேய்க்காததால் சொத்தை விரைவில் வந்து சேரும். கூடவே முன்பக்கத்து வெட்டுப்பற்களிலும் திட்டுகள் தெரியலாம். ஹாலந்து நாட்டுக்காரர்கள் இவற்றைப் 'பாலாடைக்கட்டிப் பற்கள்' என்று அழைக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

1970-ல் பிறந்த ஸ்வீடன் நாட்டுக் குழந்தைகளிடம் இக்கோளாறு மிகுதியாக இருந்ததை அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1987-ல் எழுதினார்கள். 2001-ல் இதற்குத் தனிப்பெயர் இடப்பட்டது. தமிழில் 'கடைவாய்-வெட்டுப்பல் தாதுக் குறைபாடு' என்று சொல்லலாம். 2018-ல் வெளியான இரு தொகுப்பாய்வுகள், உலகக் குழந்தைகளில் 13 முதல் 14 சதவீதம் பேருக்கு இது ஏதோ ஓரளவில் இருப்பதாகக் கணக்கிட்டன. ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர்! இத்தகைய பற்கள் உள்ள குழந்தைகளை ஸ்வீடனில் ஒன்பது வயதில் பரிசோதித்தபோது, மற்றக் குழந்தைகளைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு தடவை இவர்களின் பற்களுக்குச் சிகிச்சை நடந்திருந்தது தெரியவந்தது. மரத்துப்போக ஊசி போட்டாலும் இப்பற்கள் எளிதில் மரத்துப்போவதில்லை. அடைத்த சொத்தையும் பிடிப்பில்லாமல் பெயர்ந்து விழுகிறது.

காரணம் என்ன? சிறு வயதில் அடிக்கடி வரும் கடுங்காய்ச்சல், மூச்சுக்குழாய் நோய்கள், பிறக்கும்போது ஆக்சிஜன் குறைவு, பரம்பரை இயல்பு என்று பலவற்றைச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. எந்த ஒன்றும் தனித்து முழு விளக்கம் தருவதில்லை. இந்தப் பட்டியலில் 2013-ல் ஒரு புதிய பெயர் சேர்ந்தது. அதுதான் பிஸ்ஃபீனால்-ஏ. பிளாஸ்டிக் தொழிலின் மிகச் சாதாரணமான மூலப்பொருள்களில் ஒன்று.

பிளாஸ்டிக்குக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைப் புரிந்துகொள்ள, எனாமல் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

சென்ட்ரிங் பிரித்தால்தான் கூரை

நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் எனாமல். அதன் எடையில் 96 சதவீதம் தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸி அபடைட் எனும் படிகம். எலும்பில்கூட இவ்வளவு தாது இல்லை. ஆனால் இந்தக் கல்லைக் கட்டுவது மென்மையான உயிருள்ள செல்கள். அவற்றுக்கு அமெலோபிளாஸ்ட் என்று பெயர். நாம் எனாமல் செல்கள் என்றே சொல்லிக்கொள்வோம்.

வீட்டுக்குக் கூரை போடும்போது கொத்தனார் என்ன செய்கிறார்? முதலில் சென்ட்ரிங் அடிக்கிறார். அதன்மேல் கம்பி கட்டி, கான்கிரீட்டைக் கொட்டி, இறுகிய பிறகு சென்ட்ரிங்கைப் பிரித்துவிடுகிறார். எனாமல் செல்களின் வேலையும் இப்படித்தான். முதல் கட்டத்தில் அமெலோஜெனின், எனாமெலின் முதலிய புரதங்களைச் சுரந்து ஒரு சாரம் அமைக்கின்றன. அந்தச் சாரத்தினூடே நூல்போல் மெல்லிய படிகங்கள் நீளவாக்கில் வளர்கின்றன. இரண்டாம் கட்டத்தில் செல்கள் கே.எல்.கே-4 என்ற நொதியைச் சுரக்கின்றன. இந்த நொதி புரதச் சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கரைக்க, செல்கள் அந்தத் துணுக்குகளை வெளியேற்றிவிடுகின்றன. காலியான இடத்தில் படிகங்கள் பக்கவாட்டில் பருத்து, ஒன்றோடொன்று நெருங்கி, இறுகுகின்றன.

உவமை ஓரிடத்தில் சற்று இடிக்கிறது. கூரைக்குச் சென்ட்ரிங் அடியில் நிற்கிறது. எனாமலிலோ சாரம், தாது நிரம்ப வேண்டிய இடத்துக்குள்ளேயே நிற்கிறது. ஆகையால் அதைப் பிரிக்காமல் விட்டால் கேடு இன்னும் அதிகம். கான்கிரீட்டுக்குள் பலகைத் துண்டுகளை வைத்தே பூசிவிட்டதுபோல் ஆகிவிடும். பார்வைக்குக் கூரைதான், உறுதி மட்டும் இராது.

இன்னொரு செய்தியும் முக்கியமானது. பல் ஈறைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்போது எனாமல் செல்கள் அழிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். எனாமலில் பழுது நேர்ந்தால் அதைப் புதிதாகக் கட்டித் தருவதற்கு ஆளே இல்லை. ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கு எனாமல் பூச்சு எப்போது தொடங்குகிறது தெரியுமா? குழந்தை பிறக்கும் தறுவாயில். மூன்று வயதுக்குள் அப்பல்லின் கிரீடம் முழுவதும் கட்டி முடிந்துவிடுகிறது. முன்பக்கத்து வெட்டுப்பற்களுக்கு நான்கு, ஐந்து வயது வரை ஆகும். ஆகவே ஆறு வயதில் நீங்கள் காணும் திட்டு, அந்தக் குழந்தை தொட்டிலில் கிடந்த காலத்தில் விழுந்தது.

பாரிஸ் நகரத்து எலிகள்

பாரிஸ் நகரில் காத்தியா ஜெதியோன், சில்வி பாபாஜ்கோ முதலியோர் அடங்கிய ஆராய்ச்சிக் குழு ஒன்று, கருவுற்ற நாள் தொட்டே எலிகளுக்குச் சிறிதளவு பிஸ்ஃபீனால்-ஏ கொடுத்து வந்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த நாளில் ஐரோப்பாவில் மனிதர்களுக்குப் பாதகமில்லை என்று அனுமதித்திருந்த அளவு 50 மைக்ரோகிராம். எலிகளுக்குக் கொடுத்ததோ அதில் பத்தில் ஒன்று.

பிறந்து 30 நாளான எலிக்குட்டிகளின் வெட்டுப்பற்களில் வெண்திட்டுகள் தெரிந்தன. எனாமலில் தாது குறைந்திருந்தது. இருக்கக் கூடாத புரதங்கள், குறிப்பாக இரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின், அதற்குள் சிக்கிக் கிடந்தன. குழந்தைகளின் பழுதான கடைவாய்ப்பற்களைச் சோதித்தபோதும் இதே ஆல்புமின்தான் கிடைத்தது. எனாமல் செல்களுக்குள் நடந்ததைப் பார்த்தால், சாரம் கட்டும் எனாமெலின் புரதத்துக்கான ஜீன் அளவுக்கு மீறி வேலை செய்தது. சாரத்தைப் பிரிக்கும் கே.எல்.கே-4 நொதிக்கான ஜீன் சோர்ந்து கிடந்தது. சாரம் கட்டுபவர்களைக் கூட்டி, பிரிப்பவர்களைக் குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கே விளங்கும்.

இதைவிடச் சுவையானது அடுத்த செய்தி. எலியின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நுனி தேயத் தேய, அடியிலிருந்து புதுப் பல் மேலேறி வரும். (அதனால்தான் அது நம் வீட்டுக் கதவை ஓயாமல் கொறிக்கிறது.) ஆகவே எலிப் பல்லில் எந்த நாளும் அண்மைக் காலத்தில் உருவான எனாமலே கண்ணுக்குத் தெரியும். அந்த எலிகளுக்குத் தொடர்ந்து 100 நாள் வரையில் பிஸ்ஃபீனால் கொடுத்து, மீண்டும் பல்லைப் பார்த்தார்கள். திட்டுகளைக் காணோம்! ரசாயனம் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தும், வளர்ந்த எலி கட்டிய எனாமல் நன்றாகவே இருந்தது. பழுது நேர்வது பிறப்பை ஒட்டிய ஒரு குறுகிய காலத்தில் மட்டுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மனிதக் குழந்தைக்கும் முதல் கடைவாய்ப்பல்லும் வெட்டுப்பற்களும் மட்டும் பழுதாகி, பிற்காலத்தில் உருவாகும் பற்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வது ஏன் என்பதற்கும் இதில் ஒரு குறிப்பு கிடைக்கிறது.

அதே குழு 2014-ல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், எனாமல் செல்களில் ஈஸ்ட்ரோஜன் எனும் பெண்மை ஹார்மோனுக்கான ஏற்பி இருப்பதைக் காட்டியது. பிஸ்ஃபீனால் இந்த ஹார்மோனைப்போல் நடிக்கக்கூடியது. பழுது பெண் எலிகளைவிட ஆண் எலிகளிடம் கடுமையாக இருந்தது.

2016-ல் வெளிவந்த மூன்றாவது ஆராய்ச்சி நம் நாட்டவர் காதில் விழ வேண்டியது. ஃப்ளூரைடு மட்டும் கொடுத்த எலிகளைவிட, ஃப்ளூரைடும் பிஸ்ஃபீனாலும் சேர்த்துக் கொடுத்த எலிகளின் எனாமல் மிகுதியாகக் கெட்டிருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பழுப்பேறிய பற்களை அங்கே தெருவுக்குத் தெரு காணலாம். ஒரு கேட்டின் மேல் இன்னொரு கேடு ஏறினால் என்ன ஆகும் என்ற கேள்வி அவ்வூர்களுக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இவை எலிகளில் கண்டவை. மனிதக் குழந்தைகளின் பழுதான பற்களுக்குப் பிஸ்ஃபீனால்தான் காரணம் என்று எவரும் நிரூபித்துவிடவில்லை. கருவுற்ற தாய்மார்களுக்கு அதைக் கொடுத்துச் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. இருந்தாலும், ஆல்புமினும் நொதிக் குறைவும் குறுகிய காலமும் ஒருசேரப் பொருந்தும்போது, அதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

மருந்தாக முயன்றது, பிளாஸ்டிக்காக வென்றது

இந்தப் பிஸ்ஃபீனால் எங்கிருந்து வந்தது? 1891-ல் ரஷ்ய வேதியியல் அறிஞர் அலெக்சாண்டர் தியானின் இதை முதன்முதலில் தயாரித்தார். ஃபீனாலின் இரு மூலக்கூறுகளும் அசிட்டோனின் ஒரு மூலக்கூறும் இணைந்து ஒரு நீர் மூலக்கூறை விட்டால் பிஸ்ஃபீனால்-ஏ. 'பிஸ்' என்றால் இரண்டு. 'ஏ' என்பது அசிட்டோனின் முதலெழுத்து. தயாரித்த பிறகு நெடுங்காலம் அதற்கு உபயோகம் எதுவும் இல்லை.

1930-களில் இங்கிலாந்தில் எட்வர்டு சார்லஸ் டாட்ஸ் என்பவர், ஈஸ்ட்ரோஜனைப்போல் வேலை செய்யும் செயற்கைப் பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். 1936-ல் பிஸ்ஃபீனால்-ஏ அப்படிச் செய்கிறது என்று கண்டார். ஆனால் அதன் வேகம் போதவில்லை. 1938-ல் அதைவிடப் பலமடங்கு ஆற்றலுள்ள டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் கிடைத்துவிடவே, பிஸ்ஃபீனாலை ஒதுக்கிவிட்டார். (அந்த இரண்டாவது பொருளைக் கருவுற்ற பெண்களுக்குப் பல்லாண்டுகள் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பெண்களிடம் அரிய வகைப் புற்றுநோய் தோன்றுவது 1971-ல் வெளிப்பட்டது. அது தனிக் கதை.)

மருந்துக்கு உதவாதது தொழிலுக்கு உதவிற்று. 1953-ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் ஆகிய இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் பிஸ்ஃபீனாலிலிருந்து பாலிகார்பனேட் எனும் பிளாஸ்டிக்கை உண்டாக்கினார்கள். கண்ணாடிபோல் தெளிவு, சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. பால்புட்டி, மூக்குக் கண்ணாடி, தண்ணீர்க் கேன் எல்லாம் அதில் வந்தன. பிஸ்ஃபீனாலிலிருந்தே செய்யும் எபாக்ஸி ரெசின், தகர டப்பாக்களின் உட்புறம் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சாயிற்று. பில் அடிக்கும் வெப்பத்தாள்களின் பூச்சிலும் அது இடம்பிடித்தது. ஹார்மோன்போல் நடிக்கிறது என்று 1936-லேயே அறிந்திருந்த பொருளை, உணவு தொடும் பாத்திரமாக்கும்போது அதை எவரும் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை. பிளாஸ்டிக்கில் இறுகப் பிணைந்துவிட்டது, வெளியே வராது என்பதே நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை உடைத்தவை இரண்டு விபத்துகள். 1993-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், ஈஸ்ட் செல்கள் ஈஸ்ட்ரோஜன்போன்ற ஏதோ ஒன்றைச் சுரப்பதாக நினைத்துத் துருவிப் பார்த்தவர்கள், அது ஈஸ்ட்டிலிருந்து வரவில்லை, நீராவியில் கொதிக்கவைத்த பாலிகார்பனேட் குடுவையிலிருந்து கசிந்தது என்று கண்டார்கள். 1998-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பட்ரீஷியா ஹன்ட் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சிச் சுண்டெலிகளிடம், கருமுட்டைகளின் குரோமோசோம் கோளாறு ஒன்றிரண்டு சதவீதத்திலிருந்து திடீரென்று 40 சதவீதத்துக்குத் தாவியது. காரணம், எலிக்கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் தரை கழுவும் காரமான மருந்தால் யாரோ கழுவியிருந்தார்கள்! காரம் பட்ட பாலிகார்பனேட் அரித்துப் பிஸ்ஃபீனாலைக் கசியவிட்டது. 2003–04-ல் அமெரிக்க அரசாங்கம் ஆறு வயதுக்கு மேற்பட்ட 2,517 பேரின் சிறுநீரைச் சோதித்தபோது 93 சதவீதம் பேரிடம் பிஸ்ஃபீனால் இருந்தது.

பல்லை அடைக்கும் பிளாஸ்டிக்

வெளியிலிருந்து உணவோடு வருவது ஒருபுறமிருக்க, பல் மருத்துவரே நம் பல்லில் வைக்கும் பிளாஸ்டிக் ஒன்று உண்டு. சொத்தையை அடைக்க முன்பெல்லாம் பாதரசக் கலவை. ரஃபேல் போவன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அதற்கு மாற்றுத் தேடினார். முதலில் எபாக்ஸி ரெசினை முயன்றார். வாய்க்குள் அது இறுகுவதற்கு அதிக நேரம் பிடித்தது. பிறகு, பிஸ்ஃபீனால் மூலக்கூறின் இரு முனைகளிலும் விரைவில் இணையும் மெத்தாக்ரிலேட் தொகுதிகளைப் பூட்டி, பிஸ்-ஜி.எம்.ஏ என்ற பொருளை உருவாக்கினார். 1962-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று பல்லின் நிறத்திலேயே அடைத்து, நீல விளக்கைக் காட்டி இறுகச் செய்கிறார்களே, அந்தப் பொருள்களில் பலவற்றுக்கு மூதாதை இதுதான். கடைவாய்ப்பல்லின் பள்ளங்களில் சொத்தை வராமல் பூசும் 'சீலன்ட்' என்ற மூடுபூச்சும் இவ்வகையே.

1996-ல் ஸ்பெயினின் கிரானடா பல்கலைக்கழகத்தில் நிகோலாஸ் ஒலேயாவும் அவர் குழுவினரும் 18 பேருக்கு மூடுபூச்சு பூசி, அடுத்த ஒரு மணி நேரத்து உமிழ்நீரைச் சேகரித்தார்கள். அதில் 90 முதல் 931 மைக்ரோகிராம் வரை பிஸ்ஃபீனால் இருந்ததாக அறிவித்தார்கள். பல் மருத்துவ உலகில் பெரும் பரபரப்பு. மற்ற ஆராய்ச்சிச்சாலைகள் திரும்பச் செய்து பார்த்தபோது இவ்வளவு கிடைக்கவில்லை. 2000-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், பூசிய மூன்று மணி நேரத்துக்குள் எடுத்த உமிழ்நீரில் மட்டும் சிறிதளவு தென்பட்டது. இரத்தத்தில் தென்படவே இல்லை.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஓர் அழகான வேதியியல் இருக்கிறது. சில பூச்சுகளில் பிஸ்-டி.எம்.ஏ என்ற உறவுக்காரப் பொருளும் கலந்திருந்தது. அதில் பிஸ்ஃபீனாலைப் பிணைத்திருப்பது எஸ்டர் பிணைப்பு. எஸ்டரை வெட்டும் நொதிகள் நம் உமிழ்நீரிலேயே உண்டு. அவை பட்டதும் பிஸ்ஃபீனால் கழன்று வந்துவிடும். பிஸ்-ஜி.எம்.ஏயில் இருப்பதோ ஈதர் பிணைப்பு. உமிழ்நீரால் அதை எளிதில் அசைக்க முடியாது. தயாரிப்பின்போது எஞ்சி நின்ற துளி மட்டுமே அதிலிருந்து வரும். பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்தாலும் நடத்தை வேறு.

அப்படிக் கசியும் துளியிலும் பெரும்பகுதி, பூச்சின் மேல்தோலிலிருந்து வருகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்ட இடத்தில் ரெசின் முழுமையாக இறுகுவதில்லை. பிசுபிசுப்பான மெல்லிய ஏடு ஒன்று மேலே தங்கிவிடும். இதைத் துடைத்தெடுத்தால் கசிவு வெகுவாகக் குறைகிறது.

விழுங்கினால் என்ன ஆகும்? குடல் உறிஞ்சிய பிஸ்ஃபீனால் நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதைக் குளுக்குரானிக் அமிலத்தோடு இணைத்துச் செயலற்றதாக்கி, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு நாளைக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். பச்சிளங் குழந்தையின் கல்லீரலுக்கு இந்தத் திறமை முழுமையாக வந்திருப்பதில்லை. வாய்க்கும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 2013-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் நாய்களின் நாக்கின் அடியில் பிஸ்ஃபீனாலை வைத்தபோது, அது வாயின் மெல்லிய தோலினூடே நேராக இரத்தத்தில் கலந்தது. கல்லீரலின் சோதனைச் சாவடியைத் தாண்டாமலே போய்விட்டது. விழுங்குவதைவிட இவ்வழியில் மிக அதிகப் பங்கு, செயல் குன்றாமல் இரத்தத்தை அடைந்தது.

ஈறுகளின் பங்கு

ஈறைப் பற்றிச் சொல்வதற்குச் செய்தி குறைவு. சொல்வதிலும் நிதானம் வேண்டும். ஈறு திசுக்களிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன. கருவுற்ற பெண்களுக்கு ஈறு வீங்கி, பல் தேய்க்கும்போது இரத்தம் வருவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். ஹார்மோன் பெருக்கத்துக்கு ஈறு காட்டும் எதிரொலி அது. ஆகவே ஹார்மோன்போல் நடிக்கும் பொருளையும் ஈறு உணரக்கூடும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஈறிலிருந்து எடுத்து வளர்த்த நார்ச்செல்களின்மேல், இறுகாத ரெசின் பொருள்களைச் சோதனைக் கிண்ணத்தில் ஊற்றினால் செல்கள் வாடுகின்றன, அளவு கூடினால் மடிகின்றன. இதில் பிஸ்ஃபீனாலைவிட, ரெசினோடு கலக்கும் ஹெச்.இ.எம்.ஏ, டி.இ.ஜி.டி.எம்.ஏ போன்ற சிறு மூலக்கூறுகளுக்கே பங்கு அதிகம். பல் மருத்துவர்களிலும் அவர்களின் உதவியாளர்களிலும் சிலருக்கு விரல்களில் இவற்றால் ஒவ்வாமைப் புண் வருகிறது. ரப்பர் கையுறையையும் துளைத்துச் செல்பவை இவை.

ஆனால் கிண்ணத்தில் உமிழ்நீர் ஓடுவதில்லை, இரத்தம் ஓடுவதில்லை. வாயில் இரண்டும் ஓடிக் கழுவிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் ஈறில் இரத்தம் வந்தால் பிளாஸ்டிக்கைச் சந்தேகிக்கப் புறப்பட வேண்டாம். பல்லின் அடியில் படியும் கிருமிப் படலமும், புகையிலையும், நீரிழிவும்தான் முதலில் விசாரிக்க வேண்டியவை.

வீட்டில் எங்கே இருக்கிறது?

உணவு வழியாக வருவதே பெரும்பங்கு. தமிழ்நாட்டுத் தெருக்களில் வண்டிகளில் வந்திறங்கும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களில் பல, பாலிகார்பனேட்டால் ஆனவை. வெப்பம் கசிவை முடுக்கும். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 2008-ல் செய்த சோதனையில், பாலிகார்பனேட் புட்டிகளில் கொதிநீர் ஊற்றியபோது, குளிர்ந்த நீர் இருந்தபோது கசிந்ததைவிட 15 முதல் 55 மடங்கு வேகத்தில் பிஸ்ஃபீனால் வெளிப்பட்டது. கேனை வெயிலில் வைக்காதீர்கள்; அதிலிருந்து நீரை எவர்சில்வர் குடத்திலோ மண்பானையிலோ மாற்றிக்கொள்வது நல்லது. காரமான பொடி போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கீறாதீர்கள்.

சோடா, குடிநீர் விற்கும் மெல்லிய பெட் புட்டிகளில் பிஸ்ஃபீனால் இல்லை. பலரும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அடியில் முக்கோணத்துக்குள் 7 என்ற எண் இருந்தால் பாலிகார்பனேட்டாக இருக்கலாம்; ஆனால் 7 என்பது 'மற்றவை' என்ற கூட்டம், எல்லாமே பாலிகார்பனேட் அல்ல.

'பிஸ்ஃபீனால்-ஏ இல்லாதது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பாத்திரத்தைக் கண்டதும் நிம்மதி கொள்ள வேண்டாம். பலவற்றில் ஏ போய், பிஸ்ஃபீனால்-எஸ் வந்திருக்கிறது. அதுவும் ஈஸ்ட்ரோஜன்போல் நடிக்கிறது. முன்னே சொன்ன பட்ரீஷியா ஹன்ட்டின் சுண்டெலிகள் இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் கோளாறு காட்டின. 2018-ல் அவர் அறிவித்தபடி, இம்முறை பழி விழுந்தது இந்த மாற்றுப் பொருள்களின்மேல்.

சட்டங்களும் மெல்ல நகர்ந்திருக்கின்றன. பால்புட்டிகளில் ஐரோப்பா 2011-ல் தடை விதித்தது, அமெரிக்கா 2012-ல். நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015-ல் பால்புட்டிக்குப் பாலிகார்பனேட் கூடாது என்று விதியை மாற்றியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் என்றிருந்த எல்லையை 2015-ல் 4 மைக்ரோகிராமாகவும், 2023-ல் 0.2 நானோகிராமாகவும் குறைத்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 12 நானோகிராம்; பழைய எல்லைப்படி அவருக்கு 3 மில்லிகிராம் வரை கூடும் என்று இருந்தது. இரண்டரை லட்சம் மடங்கு வித்தியாசம்! ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதை ஒப்பவில்லை. 200 நானோகிராம் போதும் என்றது. தேர்ந்த விஞ்ஞானிகள் ஒரே சான்றுகளைப் படித்து ஆயிரம் மடங்கு வேறுபடுகிறார்கள். ஆனால் இருவரின் எல்லையும் பழைய எல்லைக்கு மிகக் கீழே இருப்பதைக் கவனியுங்கள். 2025 ஜனவரி 20 முதல், உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்ஃபீனால்-ஏயைத் தடுக்கும் விதி ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்திருக்கிறது; பெரும்பாலான பொருள்களுக்கு 18 மாத அவகாசம்.

இந்தத் தடை பல் அடைப்புப் பொருள்களுக்குப் பொருந்தாது. அவை மருத்துவச் சாதனங்களுக்கான தனிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதற்காக, குழந்தையின் சொத்தையை அடைக்காமல் விட்டுவிடலாமா என்று கேட்டால், கூடவே கூடாது என்பேன். சொத்தையால் வரும் சீழும் வலியும் கண்ணெதிரே உள்ள கேடு. அடைப்பிலிருந்து கசிவதோ சில மணி நேரத்தில் மங்கிவிடும் சிறு துளி. ஆறு வயதுக் கடைவாய்ப்பல் பழுதோடு முளைத்திருந்தால் மூடுபூச்சு இன்னும் அவசியமாகிறது. 2010-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் வந்த மதிப்பாய்வு ஒன்று சொல்லும் வழி எளியது: பூச்சு இறுகியதும் அதன் பிசுபிசுப்பு ஏட்டை நுரைக்கல் பொடியாலோ பஞ்சாலோ துடைத்தெடுக்க வேண்டும், பிறகு அரை நிமிடம் வாயில் நீர் விட்டுக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. கருவுற்ற பெண்கள், அவசரமில்லாத அடைப்பைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். வாயில் பஞ்சு வைத்த பிறகு கேட்க முடியாது.